இணையப் பதிப்புரிமையும் தணிக்கையும் – கம்பம் பள்ளத்தாக்கு

தேனி மாவட்டத்தின் தென்மேற்கில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி நெல்லும் வாழையும் திராட்சையும் விளையும் நிலப்பரப்பு கம்பம் பள்ளத்தாக்கு. இணையச் சட்டத்தைப் பற்றிய கட்டுரையில் இந்த ஊர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு வேலை உண்டு. ஒரு சினிமாப் பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை விடாமல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறவர் பண்ணைப்புரத்துக்காரர். எந்த அணையைப் பற்றி ஒரு படம் வாயைத் திறந்தாலும் தமிழ்நாட்டில் தடைக் குரல் எழுமோ, அந்த அணையின் தண்ணீர்தான் இங்கே பாய்கிறது. ஒன்று உரிமை, மற்றது தணிக்கை. கைபேசித் திரையில் இரண்டின் விளைவும் ஒன்றுதான்: நேற்று இருந்தது இன்று இருக்காது.

முன்வரலாறு

கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடையில் உள்ள பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர் இளையராஜா. அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். மக்களின் காதுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டில் புதுச் சொற்களை ஏற்றிப் பாடுவது அந்த மேடைகளின் வழக்கம். மெட்டு யாருடையது என்று கேட்பவரும் இல்லை, கேட்டால் பதில் சொல்ல ஆளும் இல்லை. 1958இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் நடந்தபோது, கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் பாவலர் பாடிய பாட்டுகள் அவருடைய வெற்றியில் பெரும் பங்கு வகித்ததாக இன்றும் பேசப்படுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 நடைமுறைக்கு வந்ததும் அதே 1958 ஜனவரியில்தான். பள்ளத்தாக்கில் அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதற்கு முன் நடப்பில் இருந்தது 1914ஆம் ஆண்டுச் சட்டம். 1911ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டத்தைச் சிறு மாற்றங்களுடன் இங்கே கொண்டுவந்து பொருத்தியது அது. தமிழில் பதிப்புரிமை பற்றிய முதல் பெரும் சண்டையும் அந்தக் காலத்ததே. பாரதியார் பாடல்களின் ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பரிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியபோது சிக்கல் எழுந்தது. பாரதி விடுதலைக் கழகம் கிளம்பியது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு அந்த உரிமையை நாட்டுடைமையாக்கியது. மெய்யப்பர் தன்னிடம் இருந்ததைப் பணம் வாங்காமலே கொடுத்தார். ஒரு கவிஞரின் எழுத்தை அரசே வாங்கிப் பொதுவில் விடும் தமிழ்நாட்டு வழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்று நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இணையத்தில் தடையின்றிக் கிடைப்பதற்கும் வேர் அதுவே.

1976இல் இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஒலிநாடா எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. 1980களில் பேருந்து நிலையத்தையொட்டிப் பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகள் இல்லாத ஊர் அரிது. வேண்டிய பாட்டுகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், 60 நிமிட அல்லது 90 நிமிட வெற்று நாடாவில் இரு பக்கமும் பதிந்து, அட்டையில் நல்ல கையெழுத்தில் பட்டியலும் எழுதித் தருவார்கள். கடைக்காரரின் ரசனையும் அதில் சேரும். மிஞ்சிய இடத்தில் அவருக்குப் பிடித்த ஒரு பாட்டு இலவசம். சட்டப்படி அத்தனையும் குற்றம். 1984ஆம் ஆண்டுத் திருத்தம் திருட்டுப் பதிவுக்கான தண்டனையை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று உயர்த்தியது. கடைகள் குறையவில்லை. குறுந்தகடு வந்த பிறகுதான் அவை ஓய்ந்தன. அதன் பிறகு நடைபாதைக்குத் திருட்டு விசிடி வந்தது. 2004இல் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்திலேயே ‘வீடியோ திருடர்’ என்ற வகையைச் சேர்த்தது. சாராயம் காய்ச்சுபவருக்கும் விசிடி விற்பவருக்கும் ஓராண்டு வரை தடுப்புக் காவல் என்ற நிலை அப்படி வந்தது.

ஒரு பாட்டுக்குள் எத்தனை சொத்து

சட்டம் திரைப்பாடலை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. வரிகள் இலக்கியப் படைப்பு. மெட்டும் இசைக்கோவையும் இசைப் படைப்பு. நாடாவில் பதிந்த ஒலி தனிச் சொத்து. அது ஒலிக்கும் திரைப்படம் மற்றொரு சொத்து. பாடியவருக்குக் கலைஞர் உரிமை வேறு. வரிக்கும் இசைக்கும் படைத்தவர் காலமும் அதன் பின் 60 ஆண்டும். ஒலிப்பதிவுக்கும் படத்துக்கும் வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டு. தாகூரின் எழுத்துகள் பொதுவுக்கு வரவிருந்த வேளையில், 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50 என்பது 60 ஆனது.

இதை விளக்க ‘நிழல்கள்’ (1980) படத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. இயக்கியவர் தேனி அல்லிநகரத்தின் பாரதிராஜா. இசை பண்ணைப்புரத்தின் இளையராஜா. அதில் முதன்முதலாகத் திரைக்குப் பாட்டெழுதியவர் வடுகபட்டிப் பக்கத்து வைரமுத்து. மூவரும் இன்றைய தேனி மாவட்டத்துக்காரர்கள். அவர் எழுதிய அந்தப் பாட்டை ஒருவர் இன்று இணையத்தில் ஏற்றினால் வரிக்கு ஒரு உரிமையாளர், இசைக்கு ஒருவர், ஒலிப்பதிவுக்கு ஒருவர், காட்சிக்கு ஒருவர் என்று நான்கு கதவைத் தட்ட வேண்டும். இயக்குநருக்கோ இதில் எந்தக் கதவும் இல்லை. இந்தியச் சட்டத்தில் திரைப்படத்தின் ‘ஆசிரியர்’ தயாரிப்பாளர்தான்.

இந்தக் கணக்கைத் தயாரிப்பாளர் பக்கம் சாய்த்தது 1977ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கூலி கொடுத்து எழுத வைத்தவர், இசையமைக்க வைத்தவர் தயாரிப்பாளர் என்பதால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமை அவருக்கே என்றது அது. அந்த வழக்கிலேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் பாடுவோரின் உரிமையைச் சட்டம் மறந்துவிட்டதே என்று தனியாக ஒரு குறிப்பு எழுதினார். தவறு திருத்தப்பட முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டிலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு ராயல்டி உண்டு. அதை அவர்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. மாநிலங்களவையில் இதற்காக வாதாடியவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர்.

வழக்குகள்

இளையராஜாவின் வழக்குகள் பெரும்பாலும் 2012க்கு முந்தைய பாட்டுகளைப் பற்றியவை. ஆகவே பழைய ஒப்பந்தங்களைத் தோண்ட வேண்டியிருக்கிறது. 1980களில் நாடா விற்க எழுதிய ஒப்பந்தத்தில் ‘இணையம்’ எப்படி இருக்கும்? எக்கோ என்ற இசை நிறுவனத்துடனான வழக்கில் 2019 ஜூன் 4 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அனிதா சுமந்த், சட்டத்தின் 57ஆம் பிரிவைக் காட்டி, படைப்பின்மேல் இசையமைப்பாளருக்குச் சிறப்பான தார்மீக உரிமை உண்டு என்றார். எக்கோ மேல்முறையீடு சென்றது.

பொதுமக்களுக்கு இந்தச் சண்டை தெரிய வந்தது 2017 மார்ச்சில். அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியம், இளையராஜா தரப்பிலிருந்து தனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருப்பதை முகநூலில் எழுதினார். பாடியவரே அனுமதி கேட்க வேண்டுமா என்று பலர் கொதித்தார்கள். சட்டம் அறிந்தவருக்கு அதில் வியப்பு இல்லை: மேடைக் கச்சேரி இசைப் படைப்பின் பயன்பாடு.

2024இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்துக்குக் ‘குணா’ (1991) பாட்டுக்காக நோட்டீஸ் போனது. 2025 ஏப்ரலில் வந்த ‘குட் பேட் அக்லி’யில் மூன்று பழைய பாட்டுகள், அதில் ஒன்று ‘நாட்டுப்புறப் பாட்டு’ (1996) படத்தின் ‘ஒத்த ரூபாயும் தாரேன்’. செப்டம்பர் 8இல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அடுத்து நடந்ததுதான் இக்கட்டுரைக்குத் தொடர்புடையது. மூன்று பாட்டுக்காக முழுப் படமே நெட்ஃபிளிக்ஸிலிருந்து கீழிறங்கியது. மாறாக, தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ‘மூடுபனி’ (1980) பாட்டு ஒன்றில் சரிகம நிறுவனத்தின் பக்கம் நின்றதும் உண்டு.

முடக்கம்

இணையத்தில் ஒன்றைத் தடுக்க இந்தியாவில் இரண்டு முக்கியப் பாதைகள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் மத்திய அரசு தடுக்கலாம்; நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணங்கள் வேண்டும், உத்தரவு ரகசியம். அந்தக் காரணப் பட்டியலில் பதிப்புரிமை இல்லை. ஆகவே தயாரிப்பாளர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். அங்கே ‘பெயர் தெரியாதோர்’மீது வழக்கு.

இதன் தமிழ்நாட்டு முதல் அத்தியாயம் சற்றுக் கோமாளித்தனமானது. 2011 நவம்பரில் ‘ஒய் திஸ் கொலைவெறி’ பாட்டு, பார்த்தவரெல்லாம் பிறருக்கு அனுப்பியதால் உலகம் சுற்றியது. அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘3’ படம் 2012 மார்ச் இறுதியில் வெளியானதையொட்டி, அதைத் தயாரித்த ஆர்.கே. புரொடக்‌ஷன்ஸ் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கியது. இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் அதைக் காட்டி விமியோ, பைரேட் பே, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் என முழுத் தளங்களையே மூடின. பதிலடியாக ‘அனானிமஸ்’ குழு அரசுத் தளங்களைத் தாக்கியது. ஜூனில் பல நகரங்களில் முகமூடி அணிந்து ஊர்வலம். அதே மாதம் நீதிமன்றம், குறிப்பிட்ட இணைப்புகளை மட்டுமே தடுக்க வேண்டும், தளத்தை அல்ல என்று தெளிவுபடுத்தியது. ஆனால் 2016இல் ‘கபாலி’ வெளியாகும் முன்பே ஏறத்தாழ இருநூறு தளங்களை மூட உத்தரவு வந்தது. 2019 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் ஒருபடி மேலே போய், பெயர் மாற்றி மீண்டும் முளைக்கும் தளங்களையும் புதிய வழக்கின்றித் தடுக்க வழி செய்தது. தமிழ்ராக்கர்ஸ் என்ற திருட்டுத் தளம் ஒரு எழுத்தை மாற்றி மறுநாளே வந்துகொண்டிருந்த காலம் அது.

அணையும் படமும்

முல்லைப் பெரியாறு அணைக்கான 1886 ஒப்பந்தத்தின் குத்தகை 999 ஆண்டு. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை. ‘டேம் 999’ என்று பெயர் வைத்து, அணை உடைவதைக் காட்டும் படம் 2011 நவம்பர் 25இல் வெளியாக இருந்தபோது தமிழ்நாடு அரசு முந்தின நாளே தடை செய்தது. பீதி கிளப்பும் படத்துக்கு அது தகுந்த பதில் என்றே இப்பகுதியில் கருதப்பட்டது. டிசம்பரில் கம்பம், கூடலூர், குமுளிச் சாலை எங்கும் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்ட சூழல் அது. 2025இல் ‘எம்புரான்’ படத்தின் அணைக் காட்சிகளுக்கும் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதற்குள் வேறு காரணங்களுக்காகவும் சர்ச்சையில் இருந்த அந்தப் படத்தைத் தயாரிப்பாளர்களே மறுபடி வெட்டி ஒட்டினர். திரையரங்கைத் தடுக்க மாவட்ட நிர்வாகம் போதும். இணையத்துக்கு அது போதாது.

கல்யாண வீட்டு நேரலை

சட்டத்தின் 52ஆம் பிரிவு ஒரு விலக்கு தருகிறது: உண்மையான மதச் சடங்கின்போது பாட்டுப் போட அனுமதி வேண்டாம், திருமண ஊர்வலமும் திருமணத்தையொட்டிய கொண்டாட்டமும் அதில் அடங்கும். மண்டபங்களில் கட்டணம் கேட்கப்படுவதாகப் புகார் எழுந்து, 2023 ஜூலையில் மத்திய அரசு இதை மீண்டும் நினைவூட்டியது. ஆக வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் சாமி ஊர்வலத்தோடு ஒலிக்கும் பாட்டுக்கும், உத்தமபாளையம் மண்டபத்தில் ரேடியோ செட்டில் ஒலிக்கும் பாட்டுக்கும் பாதுகாப்பு உண்டு.

ஆனால் வீடியோக்காரர் அதே திருமணத்தை வெளிநாட்டு உறவினருக்காக யூடியூபில் நேரலையாக விட்டால் கதை வேறு. பாட்டைப் பொருத்திப் பார்க்கும் யூடியூபின் இயந்திரம் சில நொடி மெட்டைக் கேட்டதும் கண்டுகொள்கிறது. மணமகள் மேடைக்கு வரும்போது மண்டபத்தில் பாட்டு. துபாயில் பார்ப்பவருக்கு ஊமைப்படம். தாலி கட்டும்போது கெட்டிமேளம் கேட்காமல் போன வீடுகளும் உண்டு. 52ஆம் பிரிவைப் படித்த நீதிபதி இந்த இயந்திரத்தில் இல்லை. இணைய நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மீண்டும் திறக்கலாம் என்பது இந்திய விதி. இயந்திரம் அதைவிட விரைவாகவும் அந்த விதிக்கு வெளியிலும் வேலை செய்கிறது. இதையும் தணிக்கை என்றே சொல்ல வேண்டும்.

இன்றைய நிலை

2023ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத் திருத்தம், திரையரங்கில் படம் பிடிப்போருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. அபராதம் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். ‘சகயோக்’ வலைவாசல் வழியாக அரசு அதிகாரிகள் பதிவுகளை நீக்கச் சொல்வதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இளையராஜாவின் 536 இசைத்தொகுப்புகள் தொடர்பான சோனி நிறுவனத்தின் வழக்கைச் சென்னைக்கு மாற்றக் கேட்ட மனுவை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த வழக்கு மும்பையிலேயே விசாரிக்கப்பட வேண்டியதாயிற்று.