ஒலி ஒத்தால் உறவா? – பசிபிக் தீவுகள் சொல்லும் பாடம்

1769 அக்டோபர் மாதம். கேப்டன் ஜேம்ஸ் குக்கின் 'எண்டெவர்' கப்பல் நியூசிலாந்தின் கிழக்குக் கரையை அடைந்தது. முதல் நாளே ஒரு மாவோரி வீரர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் ஓர் ஆற்றின் அந்தக் கரையில் ஆயுதங்களோடு மாவோரிகள், இந்தக் கரையில் துப்பாக்கிகளோடு ஆங்கிலேயர்கள். அப்போது கப்பலில் வந்திருந்த துபையா என்பவர் தன் சொந்த மொழியில் பேச ஆரம்பித்தார். எதிர்க்கரையில் இருந்தவர்களுக்கு அது புரிந்தது! அவர்கள் பதில் பேசினார்கள். அது துபையாவுக்கும் புரிந்தது.

துபையா நியூசிலாந்துக்காரர் அல்ல. தஹிதிக்கு அருகிலுள்ள ராயாத்தேயா தீவில் பிறந்தவர், பூசாரி, கடலோடி. அவருடைய ஊருக்கும் அந்த ஆற்றங்கரைக்கும் நடுவே ஏறத்தாழ 4,000 கி.மீ. கடல். பேச்சு புரிந்தும் அன்றைக்கு மேலும் சில மாவோரிகள் கொல்லப்பட்டார்கள் என்பது தனிச் சோகம். ஆனால் கப்பலில் இருந்தவர்கள் மனதில் ஒரு கேள்வி விழுந்துவிட்டது. இவ்வளவு தூரத்தில் இருப்பவர்கள் எப்படி ஒரே மாதிரி பேசுகிறார்கள்?

வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, கிழக்கே ஈஸ்டர் தீவு. இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வரும் பிரம்மாண்டமான முக்கோணம்தான் பாலினீசியா. ஐரோப்பியர் வரும்வரை இங்கே எழுதி வைத்த வரலாறு கிடையாது. அதனால் இந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கண்டுபிடிக்கக் கிடைத்த முதல் சான்று அவர்களுடைய சொற்கள்தான்.

ஒரு சின்ன அட்டவணை

டோங்கா, சமோவா, தஹிதி, மாவோரி, ஹவாய் என்ற வரிசையில் சில சொற்களைப் பாருங்கள். (மேற்கோள் குறி ' வரும் இடத்தில் தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறக்க வேண்டும். தமிழில் நாம் தனியாகப் பயன்படுத்தாத 'ங' அங்கே சொல்லுக்கு நடுவில் தனியாகவே வரும்.)

வீடு: ஃபாலே, ஃபாலே, ஃபாரே, ஃபாரே, ஹாலே
மீன்: இக்கா, இ'அ, இ'அ, இக்கா, இ'அ
படகு: வாக்கா, வா'அ, வா'அ, வாக்கா, வா'அ
வானம்: லாஙி, லாஙி, ரா'இ, ராஙி, லானி
மனிதன்: தாஙத்தா, தாஙத்தா, தா'அத்தா, தாஙத்தா, கானக்கா
தடை: தாப்பு, தாப்பு, தாப்பு, தாப்பு, காப்பு

பார்த்தவுடன் கண்ணில் படுவது ஒற்றுமை. ஆனால் மொழியியல் அறிஞர்களுக்கு முக்கியம் வேற்றுமைதான். டோங்காவில் 'ல' வரும் இடத்தில் மாவோரியில் 'ர' வருகிறது. வீட்டிலும் அப்படித்தான், வானத்திலும் அப்படித்தான். மாவோரியில் 'க' இருந்தால் சமோவாவிலும் ஹவாயிலும் தொண்டை அடைப்பு. மீனிலும் அப்படி, படகிலும் அப்படி. ஒரு சொல்லில் நடந்தது அதே ஒலி வரும் எல்லாச் சொற்களிலும் நடந்திருக்கிறது. நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் பால் – ஹாலு, பல் – ஹல்லு, பாம்பு – ஹாவு. தமிழ் 'ப' கன்னடத்தில் 'ஹ' ஆவது போலத்தான் இதுவும்.

இந்த ஒழுங்கை வைத்துப் பின்னோக்கிப் போனால், பிரிவதற்கு முன் எல்லோரும் பேசிய மூலச் சொல்லை மீட்டெடுக்கலாம். மீனுக்கு *இக்கா, வீட்டுக்கு *ஃபாலே. முன்னால் இருக்கும் நட்சத்திரக் குறிக்கு 'இது எந்த ஏட்டிலும் கிடைத்ததல்ல, கணக்குப் போட்டு எடுத்தது' என்று அர்த்தம். அந்த மூதாதை மொழிக்கு மூலப் பாலினீசியம் என்று பெயர்.

ஹவாயின் காப்பும் நம் காப்பும்

மேலே உள்ள கடைசி வரியில் ஒரு பொறி இருக்கிறது. ஹவாயில் 'காப்பு' என்றால் தடை, புனிதமானதால் தொடக்கூடாது என்ற விலக்கு. நம் ஊர்த் திருவிழாவிலும் காப்புக் கட்டிவிட்டால் பல விஷயங்களுக்குத் தடைதான். வெளியூர் போகக்கூடாது, அசைவம் கூடாது... ஒலியும் ஒன்று, பொருளும் ஏறத்தாழ ஒன்று! 'ஹவாய்க்காரர்கள் தமிழர்களே' என்று தலைப்புப் போட்டு ஒரு கட்டுரை எழுத இது போதாதா?

போதாது. ஹவாய் மொழியில் நடந்தது இது: பழைய 'க' எல்லாம் தொண்டை அடைப்பாக மாறியது (இக்கா → இ'அ). காலியான அந்த இடத்துக்குப் பழைய 'த' நகர்ந்து வந்து 'க' ஆனது (தாஙத்தா → கானக்கா). ஆகவே ஹவாயின் 'க' உண்மையில் வேடம் போட்ட 'த'. மூலச் சொல் *தாப்பு. டோங்காவில் குக் 1777ல் கேட்டுக் குறித்துக்கொண்டு போய் ஆங்கிலத்தில் 'டாபூ' ஆனதும் இதே சொல்தான். பழைய வடிவத்தை வைத்ததுமே நம் காப்போடு இருந்த உறவு காணாமல் போய்விடுகிறது. இந்த மாற்றம் வெறும் ஊகமும் அல்ல. ஹவாயின் நிஹாவு தீவில் இன்றும் பல சொற்களில் 'த' ஒலி கேட்கிறது. சமோவாவில் மேடைப் பேச்சில் 'த' சொல்பவர்களே வீட்டுப் பேச்சில் 'க' சொல்கிறார்கள்.

ஒரே ஆள், இரண்டு புத்தகங்கள்

இந்தப் பொறியில் பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் நில அளவையாளராக இருந்த எட்வர்ட் டிரகியர் 1885ல் 'ஆரிய மாவோரி' என்று ஒரு புத்தகம் எழுதினார். மாவோரிகள் ஆரியர்கள், அவர்கள் மொழி சமஸ்கிருதத்தோடு உறவுடையது என்பது அவர் வாதம். பசுவையே பார்த்திராத மாவோரிகளின் சொற்களுக்குள் பசுவைக் குறிக்கும் வேர் ஒளிந்திருக்கிறது என்று தேடித் தேடிப் பட்டியல் போட்டார். ஒலி கொஞ்சம் ஒத்தால் போதும், பொருளை வளைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவருடைய முறை. அட்கின்சன் என்பவர் 1886ல் அதே முறையைக் கையாண்டு காட்டியே கேலி செய்தார். இப்படிப் போனால் எந்த மொழியையும் எந்த மொழியோடும் சேர்த்துவிடலாம் என்று நிரூபித்துவிட்டார்.

அதே டிரகியர் 1891ல் மாவோரி–பாலினீசிய ஒப்பீட்டு அகராதியை வெளியிட்டார். இதில் தீவு தீவாகச் சொற்களைச் சேர்த்து வரிசையாக வைத்தார். முதல் புத்தகம் இன்று ஒரு வேடிக்கைப் பொருள். இரண்டாவது பின்னால் வந்தவர்களுக்கு அடித்தளம். 1965ல் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் புரூஸ் பிக்ஸும் டேவிட் வால்ஷும் தொடங்கிய 'போலெக்ஸ்' என்ற சொல் தொகுப்பு, 2011ல் 68 மொழிகளிலிருந்து 55,000க்கும் மேற்பட்ட சொற்களையும் 4,700க்கும் மேற்பட்ட மூலச் சொற்களையும் கொண்டிருந்தது. காமர்ஸ் படிப்பவர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஒன்றிரண்டு பில் ஒத்துப்போவதைக் காட்டுவது வேறு. மொத்தக் கணக்கும் டேலி ஆவது வேறு.

சொல் போனது, பொருள் மாறியது

மூலச் சொற்களை வைத்து அந்த ஆதி மக்களின் வாழ்க்கையையே பார்க்கலாம். தென்னை (*நியூ), கோழி (*மோவா), படகு (*வாக்கா) எல்லாவற்றுக்கும் அவர்களிடம் சொல் இருந்தது. சுமார் 2,800 ஆண்டுகளுக்கு முன் டோங்கா, சமோவா பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களின் வழியில் உருவான மொழி இது. பல நூற்றாண்டுகள் கழித்து அவர்களின் சந்ததியினர் கிழக்கே பரவி, 13ஆம் நூற்றாண்டு வாக்கில் நியூசிலாந்தை அடைந்தார்கள்.

நியூசிலாந்து குளிர் பிரதேசம். அங்கே தென்னை வளராது. அப்படியானால் 'நியூ' என்ற சொல் என்ன ஆனது? தேங்காயைச் சுழற்றிக் குறி கேட்கும் வழக்கம் டோங்காவில் உண்டு. தேங்காய் இல்லாத மாவோரிகள் குச்சிகளை வைத்துக் குறி கேட்டார்கள், அதற்கு 'நியூ' என்றார்கள். தேங்காய் போனது, பேர் மட்டும் மிஞ்சியது.

'மோவா' கதை இன்னும் வேடிக்கை. எல்லாத் தீவுகளிலும் அது கோழி. நியூசிலாந்தில் கோழி வளர்ப்பு நிலைக்கவில்லை. ஆனால் மனிதனைவிட உயரமான, பறக்காத ராட்சதப் பறவைகள் இருந்தன. அந்தப் பேர் அவற்றுக்குப் போனது. மனிதர்கள் வந்து ஓரிரு நூற்றாண்டுகளில் வேட்டையாடப்பட்டு அந்தப் பறவையும் அழிந்துபோனது.

ஊர்ப் பெயரும் கூடவே போனது. மாவோரிகள் தங்கள் முன்னோர் வந்த ஊரை ஹவாயிக்கி என்பார்கள். சமோவாவின் பெரிய தீவு சவாயி'இ. ராயாத்தேயாவின் பழைய பெயர் ஹவாயி'இ. குக் தீவுகளில் 'அவாயிக்கி. வடக்கே ஹவாயி'இ. எல்லாவற்றுக்கும் மூலம் *சவாயிக்கி. 'ச' எங்கே 'ஹ' ஆகும், 'க' எங்கே அடைபடும் என்பதெல்லாம் மற்றச் சொற்களில் நடந்த அதே விதிப்படியே நடந்திருக்கிறது. புதுக் கரையில் இறங்கியவர்கள் பழைய ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கிழக்கா, மேற்கா?

பாலினீசியர்கள் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று நார்வே நாட்டு தோர் ஹேயர்டால் வாதாடினார். அதைக் காட்ட 1947ல் பெருவிலிருந்து 'கோன்-டிக்கி' என்ற மரத் தெப்பத்தில் 101 நாள் மிதந்து தஹிதிக்கு வடகிழக்கே ஒரு பவளத்தீவில் கரை சேர்ந்தார். துணிச்சலில் குறை சொல்ல முடியாது. ஆனால் சொற்கள் வேறு திசையைக் காட்டின. மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் தமிழர்களுக்கு இது உடனே புரியும். மலாயில் மீன் இக்கான், வானம் லாஙித், கண் மாத்தா. பாலினீசியத்தில் கடைசி மெய் உதிர்ந்து இக்கா, லாஙி. கண் அப்படியே மாத்தா. மடகாஸ்கரில் வானம் லானித்ரா. இந்த உறவின் வாடையை டச்சு அறிஞர் ரேலண்ட் 1708லேயே பிடித்துவிட்டார். இன்று ஆஸ்ட்ரோனேசிய மொழிக் குடும்பம் என்று அழைக்கப்படும் இதன் ஆதி வேர் தைவானில் இருக்கிறது.

இருந்தாலும் ஒரே ஒரு சொல் தென் அமெரிக்காவைக் காட்டுகிறது. அது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மாவோரியில் கூமரா, ஈஸ்டர் தீவில் குமரா, தஹிதியில் 'உமரா. (நம் குமரனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!) இந்தச் செடி தென் அமெரிக்காவுக்குச் சொந்தமானது, ஆண்டிஸ் பகுதி மொழிகளில் 'குமர்' போன்ற பெயர் உண்டு. கொலம்பஸுக்கு முந்தைய காலத்துக் கிழங்கு எச்சங்கள் குக் தீவுகளில் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. 2020ல் வெளிவந்த மரபணு ஆய்வு, கி.பி. 1200 வாக்கில் இரு மக்களும் கலந்ததைக் காட்டியது. இங்கே சொல், செடி, மரபணு மூன்றும் சேர்ந்து சாட்சி சொல்கின்றன. அதனால் நம்புகிறார்கள்; ஒலி ஒத்தது என்பதற்காக மட்டும் அல்ல. அதுவும் கடன் சொல்லாகத்தான், உறவாக அல்ல.

ஒரு மணியும் ஒரு கேள்வியும்

நியூசிலாந்தின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கல மணி இருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். அதன்மேல் இருப்பது தமிழ் எழுத்து! முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பல் மணி என்று எழுதியிருக்கிறது. இதைப் பார்த்துத் தமிழர்கள் அங்கே குடியேறினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. மணி உண்மை. ஆனால் ஒரு மணி கைமாறிக் கைமாறி எந்தக் கரைக்கும் போகலாம், கைவிடப்பட்ட கப்பலில் மிதந்தும் போகலாம். மக்கள் போய் வாழ்ந்திருந்தால் எண், உறவுமுறை, உணவு, கருவி என்று சொற்கள் கூட்டமாகத் தங்கியிருக்கும். மாவோரியில் தமிழ்ச் சொற்களின் அப்படி ஒரு கூட்டம் இல்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை 'அந்த மொழியிலும் இதே சொல் இருக்கிறது, பாருங்கள்!' என்று யாராவது மெயில் அனுப்பினால், சந்தோஷப்படுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த ஒலி வரும் மற்றச் சொற்களிலும் இதே மாற்றம் நடந்திருக்கிறதா? அந்தச் சொல்லின் பழைய வடிவம் என்ன? இரண்டுக்கும் பதில் இருந்தால் அது வரலாறு. இல்லையென்றால் ஹவாயின் காப்பு மாதிரி, கேட்க இனிமையான தற்செயல். அவ்வளவுதான்.