திரை பிடித்தோரும் பந்தம் ஏந்தினோரும்: கிழக்கிலங்கை அரங்கில் பின்னணித் தொழிற்பயில்வு

நாடக வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஆடியோரையும் பாடியோரையும் ஆட்டுவித்தோரையுமே பதிவு செய்துள்ளனர். விளக்குக்கு எண்ணெய் வார்த்தவனும், உடுப்பின் வளையத்தைக் கட்டியவனும், திரையின் ஒரு தலைப்பைப் பற்றி நின்றவனும் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. ஓர் இளைஞன் அரங்கின் பின்புறத்தே தொழில் பயிலப் புகுந்தது எங்ஙனம் என்னும் வினாவைக் கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடையே அமைந்த பாண்டிருப்பையும் அதனைச் சூழ்ந்த கரையோர ஊர்களையும் மனத்திற்கொண்டு எழுப்புவதே எமது நோக்கமாகும்.

இம்மௌனம் புதியதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதை அரங்கின் அளவைகளை நுணுக்கமாகத் தருகின்றது. 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என அரங்கு அளக்கப்பட்டது. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாவண்ணம் விளக்கு நிறுத்தப்பட்டது. எழினி மூவகையாக அமைந்தது. ஒளியமைப்பில் தேர்ந்த கையொன்று இருந்திருந்தாலன்றி நிழல் பற்றிய அக்குறிப்புப் பிறந்திராது. ஆயினும் ஆடலாசான் முதல் யாழாசிரியன் வரை ஒவ்வொருவர் தகுதியையும் தனித்தனியே விரித்துரைக்கும் அக்காதை, அரங்கமைத்தோரை நூலறிந்தோர் என்ற அளவில் சொல்லி அமைகின்றது. பாண்டிருப்புக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் வெளிவந்த தமது 'மதங்கசூளாமணி'யால் நாடக இலக்கண ஆராய்ச்சிக்கு இவ்வட்டாரத்தின் பெயரை நிலைநிறுத்தினார். அவர் காட்டிய வழியில் நடந்த எம்மவரும் பனுவலையும் சுவையையுமே மிகுதியாக ஆராய்ந்தோம், விளக்கை ஆராய்ந்திலோம்.

பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாள் விழாவை அரங்கியல் நோக்கிற் காண்பது பயன் தரும். பாண்டவர் கதையே அங்கு விழாவாக விரிகின்றது. திருக்கலியாணம், வனவாசம், அருச்சுனன் தவநிலை என்பன நிகழ்ந்து தீமிதிப்பில் விழா நிறைவு பெறுகின்றது. வனவாச நாளில் வேடம் புனைந்த பாண்டவரும் திரௌபதையும் தெருக்களினூடே செல்ல, ஊரே களமாகின்றது. இத்தகைய நிகழ்வில் மேடையின் முன்புறம், பின்புறம் என்ற பிரிவு இல்லை. தீக்குழி வெட்டுதலும், விறகு அடுக்குதலும், வேடம் கட்டுதலும் நேர்த்தியோடும் நோன்போடும் கலந்தே நிகழ்வன. அரங்கத் தொழிலின் தொடக்கப் பள்ளி கோயில் வாயிலே எனக் கருதுவதற்கு இது போதிய சான்றாகும்.

கூத்துக் களரியில் இத்தொழில் மேலும் தெளிவாகப் பிரிந்து காணப்படுகின்றது. வட்டமாக அமைந்த களரியின் நடுவே அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் பிற்பாட்டுக்காரரும் நிற்க, கூத்தர் சுற்றி ஆடுவர். எண்ணெய்ப் பந்தம் முதலிலும், பின்பு பெற்றோல்மாக்சும், அதன்பின் மின்விளக்கும் ஒளி தந்தன. விடியும்வரை நிகழும் ஆட்டத்தில் பந்தம் அணையாது காத்தல் விளையாட்டு வேலையன்று. காற்றின் திசையறிந்தவனே அதற்குத் தக்கவன். வடமோடிக் கூத்தில் கரப்பைப் போல விரிந்து நிற்கும் உடுப்பும் பாரமான கெருடமும் உண்டு. கட்டு இறுகினால் ஆடுபவன் மூச்சுவிட முடியாது. தளர்ந்தால் சுழலும்போது முடி சரியும். தென்மோடியிலோ கூத்தரின் முதல் வரவு திரைக்குப் பின்னிருந்து நிகழ்கின்றது. இருவர் பிடிக்கும் அவ்வெள்ளைத் துணியை எப்பொழுது விலக்குவது என்பதைத் தருவறிந்தவனே அறிவான். திரை பிடிக்கும் சிறுவன் இவ்வாறு கூத்தின் தாளக்கட்டு முழுவதையும் தன்னையறியாமலே கற்றுவிடுகின்றான்.

கூத்துப் பழக்கத்தில் சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் படிகள் உள. இவை யாவும் கூத்தனை நோக்கியவை. சட்டத்தைக் கையிற் பெறும் நாளில் இளைஞன் கூத்தனாக ஊரறிய ஏற்கப்படுகின்றான். பந்தம் பிடிக்கப் புகுபவனுக்கு அத்தகைய நாள் இல்லை. இதன் காரணத்தைச் சமூக அமைப்பிலேயே தேடல் வேண்டும். களரிக்கு வெள்ளை கட்டுதல் போன்ற பணிகள் குடிமை ஊழியமாக, சலவைத் தொழிலாளர் போன்ற குடிகள்மேற் சுமத்தப்பட்டவை. அங்கே தொழில் பயில்தல் விருப்பினால் நேர்ந்ததன்று, பிறப்பினால் நேர்ந்தது. மரபின் அழகைப் போற்றும் நாம் இதனை மறைத்தல் தகாது.

தமிழகத்தில் நிலைமை வேறு. 1918இல் மதுரையிற் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆறு வயதினராகச் சேர்ந்த தி. க. சண்முகம் போன்றோர் நாடகக் குழுவையே இல்லமாகவும் கல்விக்கூடமாகவும் கொண்டு வளர்ந்தனர். அது கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் உட்பட்ட தொழில். எமது களரியோ ஊருக்குரியது.

1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் ஆட்டம் பழக்கினார். நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியன தொடர்ந்தன. இரவு முழுவதும் நிகழ்ந்த கூத்து சில நாழிகைக்குள் சுருங்கியது. களரியின் நடுவே நின்ற அண்ணாவியார் மேடையின் பக்கத்துக்கு மாறினார். கூத்துக்குக் கற்றோரிடையே மதிப்பை ஈட்டித் தந்த இம்முயற்சியின் பெருமையை நாம் குறைத்துரைக்க வரவில்லை. ஆயின் அண்ணாவியார் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்டபோது பந்தக்காரன் அழைக்கப்படவில்லை. மேடையில் மின்விளக்கு இருந்தது; முன்திரை கயிற்றில் ஓடியது. கிராமத்துக் கைகளுக்கு அங்கே வேலை இல்லாதொழிந்தது. பயிற்சி பெற்ற மாணவர் ஆட்டத்தை அறிந்தனர். கெருடம் கட்டும் கணக்கை எத்தனை பேர் கற்றனர் என்பது வேறு வினா.

இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் பாடமாகப் பயிலப்படுகின்றன. ஒளியமைப்புக் கற்கும் மாணவன் மின்பலகையின் முன் அமர்கின்றான். அவனுக்கு முன் பந்தத்தோடு நின்றவனுடைய அறிவும் எழுதப்படல் வேண்டும். களரியின் விட்டம், கெருடத்தின் எடை, உடுப்பு வளையத்தின் சுற்றளவு, திரை விலகும் தருவின் இடம் ஆகியவற்றை அளந்து குறித்தல் ஓராண்டு வேலைதான். கட்டியவர் பெயரை, அவர் இசைந்தால், அளவுக்கு அருகே எழுதலாம். அப்பணியைப் பாண்டிருப்பில், வனவாச நாளின் விடியற்காலையில், பாண்டவருக்கு வேடம் கட்டும் இடத்திலிருந்தே தொடங்கலாம்.