ஒற்றைக் கடையின் ஐந்து வேலைகள்: இணைய வணிகம் வளர்ந்த தடம்

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில், யானைமலை அடிவாரத்தில் இருக்கிறது ஒத்தக்கடை. 'ஒற்றைக் கடை' என்பதன் பேச்சு வடிவமே ஊரின் பெயர். ஊருக்கு ஒரே கடை என்றால் கடைக்காரருக்கு ஐந்து வேலை: வீடு தெரிந்திருக்க வேண்டும், நம்பிக்கை தர வேண்டும், பணம் வாங்கிக் கல்லாவில் போட வேண்டும், வருபவரின் மொழியில் பேச வேண்டும், "அக்கா, இது உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்று பொருத்தமானதை எடுத்துக் காட்ட வேண்டும். இந்த ஐந்தும் ஒவ்வொன்றாகக் கருவிகளின் கைக்குப் போனதுதான் இணைய வணிகத்தின் வரலாறு.

தொடக்கம் இணையத்துக்கு வெகு முன்னரே நிகழ்ந்தது. 1877-இல் இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. (வேல்யூ பேயபிள் போஸ்ட்) முறையைக் கொண்டுவந்தது. முகம் தெரியாத வியாபாரி அனுப்பிய பார்சலுக்குத் தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கலாம். நம்பிக்கைக்கு அஞ்சல் துறை பொறுப்பேற்றது. 1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. மதுரை வட்டாரம் 625 ஆனது. வீடு தேடும் வேலை எண்ணுக்குப் போனது.

1999-இல் பெங்களூரில் ஃபேப்மார்ட் இணையக் கடையைத் திறந்தபோது வாங்குவோரிடம் கடன் அட்டை குறைவு, இணைய வேகமும் குறைவு. 2007-இல் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010-இல் 'பொருள் வந்ததும் பணம்' என்ற வசதியை அளித்தது. வி.பி.பி. புது உடையில் திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

கல்லா மாறிய ஆண்டு 2016. ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது; செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணத்தைச் சரித்தது; நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கிய க்யூஆர் குறியீடு, டீக்கடைப் பலகைக்கு வந்து சேர்ந்தது. இந்த மாற்றங்களின் பெரிய விளைவு வேறிடத்தில் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, யுபிஐயில் பணம் வாங்கி, கூரியரில் பொருளை அனுப்பினால் போதும். வலைத்தளமே இல்லாத சிறு கடையும் இணையக் கடை ஆகிவிட்டது.

மொழி தாமதமாகவே வந்தது. 2020 ஜூனில் ஃபிளிப்கார்ட்டும் செப்டம்பரில் அமேசானும் தமிழில் திறந்தன.

கடைசி வேலை, எடுத்துக் காட்டுவது. ஒரு பொருளை வாங்கியவர்கள் வேறு எதையெல்லாம் வாங்கினார்கள் என்று கணக்கிட்டுப் பரிந்துரைக்கும் முறையை அமேசான் 1998-இலேயே கையாண்டது. 2024 ஆகஸ்டில் அதன் 'ரூஃபஸ்' என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இந்தியாவில் சோதனைக்கு வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பொருளைக் காட்டும் விற்பனையாளர் இது.

ஆனாலும் மதுரைச் சுங்குடியிடம் இந்தக் கருவிகள் திணறுகின்றன. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற இச்சேலையில், சௌராஷ்டிரக் கைவினைஞர்கள் ஆயிரக்கணக்கான முடிச்சுகளைக் கையால் போட்டுச் சாயம் தோய்க்கிறார்கள். முடிச்சு அவிழ்ந்த இடத்தில் துணி லேசாகப் புடைத்திருப்பதை விரல் உடனே அறியும். திரையில் அச்சுப் புள்ளியும் முடிச்சுப் புள்ளியும் ஒன்றுபோலவே தோன்றும். விலை வரிசையில் பார்த்தால் அச்சுச் சேலையே முந்தும். முடிச்சின் அருமை தெரிந்த கடைக்காரர் சொல்லும் ஒரு வார்த்தையை இங்கே படம் ஈடுசெய்யவில்லை.

அடுத்த கேள்வி, பற்று வரவு நோட்டு யாரிடம் இருக்கிறது என்பது. பெரிய தளத்தில் விற்பவருக்கு ஆர்டர் வருகிறது. வாங்கியவர் முன்பு என்ன தேடினார், அடுத்து என்ன வாங்குவார் என்ற அறிவு தளத்திடமே தங்கிவிடுகிறது. இந்தச் சமனின்மையைக் குறைக்கவே 2021 டிசம்பரில் ஓஎன்டிசி (டிஜிட்டல் வணிகத்துக்கான திறந்த வலையமைப்பு) நிறுவனம் பதிவானது. ஒரு செயலியில் பதிந்த கடையை வேறு செயலியில் தேடுபவரும் காணலாம். 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் நடந்த வெள்ளோட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து கோயம்புத்தூர் இருந்தது. வாட்ஸ்அப்பில் விற்கும் சுங்குடி வியாபாரியின் கைப்பேசியிலோ வாடிக்கையாளரின் பெயரும், அவர் கேட்ட நிறமும், சென்ற தீபாவளிக்கு எடுத்த சேலையும் இன்னும் இருக்கின்றன.