அடக்கி வைத்த நீர்

“யூரின்ல உப்பு இருக்காம்.” தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் ஏழாம் மாதத்தைக் கடந்த பெண்களோடு பேசும்போது இதை அடிக்கடி கேட்கிறேன். இங்கே உப்பு எனப்படுவது சமையல் உப்பு அல்ல, ஆல்புமின் என்னும் புரதம். ரத்தத்தில் தங்க வேண்டிய அது சிறுநீரகத்தின் வடிகட்டியைத் தாண்டிச் சிறுநீரில் இறங்குவதைத்தான் நம் வீடுகள் உப்பு என்கின்றன. பெயர் அப்படி இருப்பதால் வைத்தியமும் அப்படியே நடக்கிறது. அவளுக்கு மட்டும் உப்பில்லாத சோறு. கால் வீங்கியிருந்தால், “தண்ணியக் கொஞ்சம் குறைச்சுக்கோம்மா.” ரத்த அழுத்தம் எவ்வளவு என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது.

கர்ப்பிணியின் சிறுநீரை யார் பார்த்தார்கள், எதற்காகப் பார்த்தார்கள் என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. அதைக் கழிக்க அவளுக்கு யார் இடம் கொடுத்தார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. முதலாவதை மருத்துவ நூல்களில் படிக்கலாம். இரண்டாவதைப் பெண்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சிறுநீரைப் பார்த்து நோயறிவது தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறையில், காலைச் சிறுநீரின் நிறத்தையும் நுரையையும் மணத்தையும் கவனிப்பார்கள். அதில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாக வளைகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்து வாதம், பித்தம், கபம் பிரிப்பார்கள். அந்த மரபைக் கற்பிக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் தாம்பரம் சானடோரியத்தில்தான் இயங்குகிறது.

பேறுகாலத்தில் சிறுநீரில் இறங்கும் புரதத்தின் பொருளைப் பிடித்தவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் லீவர். 1843இல், வலிப்பு கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்து, அதில் ஆல்புமின் இருப்பதை அவர் எழுதிவைத்தார். குழந்தை பிறந்தபின் அது விரைவில் மறைந்ததையும் கவனித்தார். ஆக, இது ஏற்கெனவே இருந்த சிறுநீரக நோய் அல்ல, கர்ப்பத்தோடு வந்து கர்ப்பத்தோடு போகும் வேறொன்று. மறு ஆண்டு, 1844இல், மதராஸில் அரசுப் பிரசவ மருத்துவமனை தொடங்கியது. இன்றைய எழும்பூர் மருத்துவமனை அதுதான். நம் பாட்டிமார் ஜன்னி என்றும் காற்றுக் கறுப்பு என்றும் அஞ்சிய மரணங்களில் ஒரு பகுதிக்கு அப்போதே ஒரு முன்னறிகுறி கிடைத்துவிட்டது.

அந்தச் சோதனையின் எளிமை இன்றும் எனக்கு வியப்பு. கண்ணாடிக் குழாயில் சிறுநீரை முக்கால்வாசி நிரப்பி, மேல்பகுதியை மட்டும் தீயில் காட்ட வேண்டும். கலங்கினால் சில சொட்டு அசிட்டிக் அமிலம். அப்போதும் கலங்கல் தெளியாவிட்டால் புரதம். கிராம சுகாதார செவிலியர்கள் இதைத் துணை சுகாதார நிலையங்களில் செய்துவந்தார்கள். பிறகு நிறம் மாறும் பட்டைகள் வந்தன. இருபதாம் வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் இருந்தால் அது ப்ரீ-எக்லாம்ப்சியா, அதாவது வலிப்புக்கு முந்தைய நிலை. அதைத் தாயின் மரணம்வரை போகவிடாமல் தடுத்ததில், வீடு வீடாக நடந்த அந்தப் பெண்களின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 54. இந்தியா முழுமைக்கும் அது 97.

ஆனால் பார்க்கும் கண் எப்போதும் பெண்ணுடலுக்கேற்ற அளவுகோலோடு வருவதில்லை. கர்ப்பத்தில் சிறுநீரகங்கள் வழக்கத்தைவிடச் சுமார் 50 சதவீதம் கூடுதலாக ரத்தத்தை வடிகட்டுகின்றன. அதனால் ரத்தத்தில் கிரியேட்டினின் குறைய வேண்டும். வழக்கமான ஆய்வக அறிக்கையில் 1.0 என்றால் ‘நார்மல்’. கர்ப்பிணிக்கோ 0.8ஐத் தாண்டினாலே மருத்துவர் நின்று பார்க்க வேண்டும். அறிக்கையின் ஓரத்தில் அச்சான ‘இயல்பு’ எண்கள் பெரும்பாலும் கர்ப்பமில்லாத உடலுக்கானவை. அதை மட்டும் பார்த்து நிம்மதியடையும் குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது.

சிறுநீரகத்தைக் காத்ததில் சட்டத்துக்கும் பங்குண்டு. கருக்கலைப்பு 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் குற்றமாக இருந்தது. எருக்கங்குச்சியோடு இருட்டில் நடந்த கலைப்புகள் கிருமித் தொற்றாக, அதிர்ச்சியாக, கடைசியில் சிறுநீரே பிரியாத நிலையாக முடிந்தன. 1960களின் நடுவிலிருந்து பத்தாண்டுகளுக்கு, சண்டிகரில் மருத்துவர் கே.எஸ்.சுக் குழுவினர் திடீர் சிறுநீரகச் செயலிழப்புக்காக டயாலிசிஸ் செய்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பிரசவத்தாலோ கருக்கலைப்பாலோ அந்நிலைக்கு வந்த பெண். கருக்கலைப்புச் சட்டம் 1971இல் நிறைவேறி, 1972இல் நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனைப் பிரசவங்களும் கூடின. 1980களில் அந்தப் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. டயாலிசிஸ் இயந்திரம் கைக்கு வரும் முன்பே, பாதுகாப்பாகக் கருக்கலைக்கும் உரிமை பல பெண்களின் சிறுநீரகங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி இரண்டாவது வரலாறு. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. தென்புறநகரை உருவாக்கியது அந்தத் தண்டவாளம்தான். 1984இல் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. தியாகராய நகரின் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் பெருகின. செங்கல்பட்டு, கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூரிலிருந்து பெண்கள் காலை வண்டியைப் பிடித்தார்கள். புறநகர் மின்ரயில் பெட்டியில் கழிவறை கிடையாது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரைவரை போகிறவளுக்கு அது இரண்டு மணி நேரத்துக்கு அருகில்.

ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: “கீழ் மாடிக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள சூப்பர்வைசர் தேடுவாருக்கா. அதான் தண்ணியே குடிக்கிறதில்ல.” அவளுக்கு நீர்க்கடுப்பு இரண்டாவது முறை வந்திருந்தது.

அவள் உடலில் நடப்பதை மருத்துவம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அறிந்திருக்கிறது. கர்ப்பத்தில் ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை அவற்றை, குறிப்பாக வலப்பக்கத்தை, அழுத்துகிறது. நீர் தேங்குகிறது, தேங்கிய நீரில் கிருமி ஏறுகிறது. பாஸ்டனில் எட்வர்ட் காஸ் 1950களில் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் கிருமி என்ற அளவுகோலை நிலைநாட்டினார். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாத கர்ப்பிணிகளிடமும் இந்தத் தொற்று இருப்பதை அவர் காட்டினார். நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு இது உண்டு. மருந்து கொடுக்காமல் விட்டால் அவர்களில் 30 சதவீதம் பேர்வரை குளிர்காய்ச்சலோடு சிறுநீரகத் தொற்றுக்கு ஆளாகலாம். குறைமாதப் பிரசவம் அதன் ஒரு விளைவு. ஒரு யூரின் கல்ச்சர் சோதனையும் சில நாள் மாத்திரையும் இதைத் தடுக்கும். தண்ணீரும், நினைத்த நேரத்தில் போக ஒரு கழிவறையும் வேண்டும். கடையிலும் ரயிலிலும் கிடைக்காதவை அவைதான்.

தொழிற்சாலைகளில் பெண்களுக்குத் தனிக் கழிவறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. கழிவறை இருப்பது வேறு, போய்வர அனுமதி இருப்பது வேறு. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான பி.விஜியும் ‘பெண்கூட்டு’ தோழியரும் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் தொடங்கினார்கள். கடைத்தெருவில் கழிவறை கேட்டார்கள், பிறகு உட்கார உரிமை கேட்டார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. நல்ல சட்டம். நின்றே வீங்கிய கால்களுக்கு அது வேண்டும். ஆனால் எழுந்து போய்வரும் ஐந்து நிமிடத்தை நாற்காலி தந்துவிடாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கி 18,000 ரூபாய் மதிப்புக்கு வளர்ந்திருக்கிறது. கர்ப்பிணியைப் பரிசோதனைக்கு வரவழைக்க அரசு பணம் தருகிறது. வந்தவளிடம் சிறுநீரை வாங்கிச் சோதிக்கிறது. மற்ற நாட்களில் அந்தச் சிறுநீரை எங்கே கழிக்கிறாள், எத்தனை மணி நேரம் அடக்குகிறாள் என்று அந்த மேசையில் யாரும் கேட்பதில்லை. கர்ப்பிணி அட்டையில் எடைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உப்புக்கும் கட்டம் இருக்கிறது. வேலையிடத்துக் கழிவறைக்கும் ஒரு கட்டம் போடுங்கள் என்று கேட்போம். பதில் ‘இல்லை’ என்று வந்தால், மருந்துச் சீட்டோடு தொழிலாளர் துறைக்கும் ஒரு சீட்டு எழுதப்பட வேண்டும். கழிவறைக்குப் போய்வர அனுமதி கேட்பது பெண்ணின் கூச்சத்தைப் பொறுத்த விஷயமல்ல, அவள் சிறுநீரகத்தைப் பொறுத்த விஷயம்.