தன் வாயால் கெடாத தவளை

போன வருஷம் ஐப்பசி மழையில ஒரு நாள். அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை முடிச்சு திருமுல்லைவாயல் வீட்டுக்கு வந்து சேரும்போது ராத்திரி மணி பதினொண்ணரை. மழை விட்டிருந்தது. எதிர்த்த காலி மனையில கணுக்கால் அளவுக்குத் தண்ணி. அங்கேருந்து ஒரு சத்தம். சீப்போட பல்லு மேல நகத்தை வச்சு இழுத்தா எப்படி இருக்கும்? அப்படி நூறு சீப்பு ஒரே நேரத்துல!

செல்போன் வெளிச்சத்தோட கிட்டப் போனா, சத்தம் டக்குனு நின்னுடுச்சு. அரைமணி நேரம் குந்திக்கிட்டு தேடினதுல புல் ஓரமா ஒருத்தர் மாட்டினார். ஒரு ரூபாய் காசு மேல உட்கார வைக்கலாம், அவ்வளவுதான் ஆள். தொண்டை மட்டும் பலூன் மாதிரி உப்பி நிக்குது. "பொட்டி தட்டுறவனுக்கு நடுராத்திரியில தவளை ஆராய்ச்சி எதுக்குடா?"ன்னு அம்மா திட்டினது தனிக்கதை. ஆனா அன்னிக்குத் தேட ஆரம்பிச்சதுல ஒரு நல்ல சரித்திரம் கிடைச்சது மக்களே.

இவர் பேரு மைக்ரோஹைலா ஒர்னாட்டா. வாய் குறுகலா இருக்கறதால குறுவாய்த் தவளைன்னு சொல்லலாம். எறும்பும் கரையானும்தான் முக்கியமான சாப்பாடு. 1841-ல் டுமெரில், பிப்ரோன் என்ற ரெண்டு பிரெஞ்சுக்காரர்கள் இவரை முதன்முதலா விவரிச்சு எழுதினாங்க. பங்காளி ஒருத்தர் உண்டு, மைக்ரோஹைலா ரூப்ரா. கொஞ்சம் சிவப்பா இருப்பார். பின்னங்கால்ல மண்வெட்டி மாதிரி ஒரு மேடு இருக்கு. அதை வச்சு மணலைத் தோண்டி, பின்பக்கமாவே உள்ளே இறங்கிடுவார். இவரைப் பத்தி எழுதினவர் மதராஸ் படையில மருத்துவரா இருந்த ஜெர்டான். வங்காள ஆசியச் சங்கத்தோட 1853-ம் வருஷ இதழ்த் தொகுதியில அந்தக் கட்டுரை இருக்கு. 1888-ல் எட்கர் தர்ஸ்டன் எழும்பூர் மியூசியம் சார்பா தென்னிந்தியத் தவளைகளுக்குன்னே ஒரு பட்டியல் போட்டார்.

வெள்ளைக்காரன் வந்துதான் கண்டுபிடிச்சானான்னு கேட்டா, இல்லை. பதினெண்கீழ்க்கணக்குல ஒண்ணான பழமொழி நானூறுல மூன்றுறை அரையனார் 'நுணல்'னு ஒரு தவளையைச் சொல்றார். அது மணலுக்குள்ள முங்கி மறைஞ்சு கிடக்குமாம், கத்தப்போய் தன் வாயாலேயே மாட்டிக்குமாம். தவளை தன் வாயால் கெடும்னு நாம இன்னிக்கும் சொல்றோமே, அதேதான். ஆனா நாம அதைச் சொல்லும்போது மணலை விட்டுட்டோம். மணல்ல புதையற, பார்க்கறதுக்கு முன்னாடி கேட்கற தவளை எதுன்னு அவருக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. நுணல்ங்கறது இந்த ரூப்ரா மாதிரி ஒரு ஆளா இருக்கணும்ங்கறது என் யூகம். தமிழறிஞர்கள் அடிக்க வரவேண்டாம்.

சரி, வாயால கெடுதா? கத்தினா பாம்புக்கும் பறவைக்கும் இடம் தெரிஞ்சுடும், வாஸ்தவம்தான். ஆனா கத்தலைன்னா பொண்டாட்டி கிடைக்காது. கோடை முழுக்க மண்ணுக்குள்ள கிடந்துட்டு, மழை பெய்ஞ்சதும் வந்து கத்தறார். பெண் தவளை தேங்கின தண்ணியில முட்டை போடுது. தலைப்பிரட்டை கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே குடல் தெரியும். தண்ணி வத்தறதுக்குள்ள கால் முளைச்சு கரையேறியாகணும். ஏரியில போய் முட்டை போட்டா வத்தற பயம் இல்லையேன்னு நானும் கேட்டேன். ஏரியில மீன் இருக்கே! தலைப்பிரட்டையை விட்டுவைக்குமா? சில வாரம் நின்னு வத்திப்போற குட்டைதான் இவங்களுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. வட அமெரிக்காவுல கோரஸ் தவளைகள்னு ஒரு கூட்டம் உண்டு. அவங்களும் இப்படி மீன் இல்லாத தற்காலிகக் குட்டைகளைத்தான் தேடிப் போறாங்க.

இங்கதான் சிக்கல். நாம தவளையைக் காப்பாத்தினதே இல்லைன்னு சொல்ல முடியாது. தொடைக்காகப் பெரிய தவளைகளைப் பிடிச்சு வெளிநாட்டுக்கு அனுப்பிட்டிருந்ததை 1987-ல் மத்திய அரசு தடை செஞ்சது. ஏரியையும் கவனிக்கறாங்க. ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீர்படுத்தி, நடைபாதை போட்டு, 2019-ல் பூங்காவாத் திறந்தாங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா காலி மனையில தேங்கற தண்ணிக்குப் பேரு நீர்நிலை இல்லை, கொசுத்தொல்லை. வரைபடத்துலயும் இல்லை, பட்டாவிலயும் இல்லை.

போன மாசம் எதிர் மனையில நாலு லாரி கட்டட இடிபாடு கொட்டி ரோடு மட்டத்துக்கு மேல உசத்திட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 2015 டிசம்பர்ல எங்க வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. அடுத்த வருஷமே அப்பா பக்கத்துல இருந்த பள்ளத்தை மண்ணடிச்சுத் தூர்த்தார். அந்தப் பள்ளத்துல என்ன கத்திட்டிருந்ததுன்னு நாங்க யாரும் கேட்டுப் பார்க்கலை.

அரையனார் கணக்குல தவளை கெட்டது வாயால. நம்ம கணக்குல அது கெடறது நம்ம மண்ணால. வாய் இருக்கறதாலதான் அது இன்னும் இருக்குன்னே நமக்குத் தெரியுது.

தெருக்கோடியில இன்னும் ஒரு மனை பாக்கி இருக்கு. இந்த வருஷ மழைக்கு அங்க போய் நிக்கணும். உங்க தெருவுல சீப்புச் சத்தம் கேட்குதா? கேட்டா எந்த ஊருன்னு சொல்லிட்டுப் போங்க.