தட்டுக்கு முந்திய கூடை: போன்சாய் வரலாறு எழுதாமல் விட்ட ஒரு கலம்

மைசூரு அவதூத தத்த பீடத்தின் வளாகத்தில் அமைந்த கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டம், தென்னிந்தியாவில் இக்கலைக்குரிய முதன்மையான காட்சியிடங்களுள் ஒன்று. 2016 டிசம்பரில் அப்பீடத்தில் நடந்த கண்காட்சியில் 2,600க்கும் மேற்பட்ட குறுமரங்கள் ஒருசேர வைக்கப்பட்டுக் கின்னஸ் சாதனையாகப் பதிவாயின. இத்தகைய காட்சிகளில் பார்வையாளர் காண்பது, ஆழமற்ற தட்டில் அமர்ந்து முதிர்ந்த தோற்றத்தை எட்டிவிட்ட மரத்தை. அதற்கு முன் அம்மரம் எந்தக் கலத்தில் வளர்ந்தது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

கேள்வி எழாமைக்குச் சொல்லும் ஒரு காரணம். 'போன்' என்றால் தட்டு. 'சாய்' என்றால் நடப்பட்டது. சீனமொழியின் 'பென்சாய்' என்பதும் இதே இரண்டு எழுத்துகளால் ஆனதே. கலையின் பெயரே காட்சித் தட்டை முன்னிறுத்துகிறது. சான்றுகளும் அவ்வாறே. கி.பி. 706இல் அமைந்த சீன இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்தில், பணியாளர் சிறு செடிகள் அமைந்த தட்டை ஏந்தி நிற்கின்றனர். ஜப்பானில் 1309ஆம் ஆண்டைச் சேர்ந்த கசுகா ஆலய ஓவியச் சுருளிலும் தட்டில் வளர்ந்த குறுமரங்களைக் காணலாம். இரண்டும் உடையவரின் செல்வத்தையும் சுவையையும் காட்டும் படங்கள். இளங்கன்றின் வேரைத் திருத்திய தோட்டக்காரரின் கலத்திற்கு அவற்றில் இடமில்லை.

அந்தக் கலம் மிக எளியது. ஜப்பானியர் 'ஸாரு' என அழைக்கும் வடிகூடை அது. சமையலறையில் காய்கறி அலசும் ஓட்டைக் கூடைக்கு ஒப்பானது. கறுப்புப் பைன் முதலிய ஊசியிலை மரங்களின் கன்றுகளை இத்தகைய கூடைகளில் வளர்ப்பது இன்று பல நாடுகளில் பரவியுள்ள வழக்கம். ஐரோப்பியர் குளத்து அல்லிக்குரிய வலைக்கூடையை இதற்குப் பயன்படுத்துகின்றனர்.

இதன் இயக்கம் தெளிவானது. வழவழப்பான தொட்டியில் வேர் சுவரைத் தொட்டதும் திரும்பி, சுவரையொட்டிச் சுருளும். கூடையில் வேர்நுனி துளையை அடைந்ததும் காற்றுப்பட்டு உலர்கிறது. நுனியின் வளர்ச்சி நின்றதும் பின்னால் பக்கவேர்கள் கிளைக்கின்றன. தண்டைச் சுற்றி நாற்புறமும் நுண்வேர் அடர்கிறது. பைனின் வேரோடு கூடி வாழும் பூஞ்சைக்குத் தேவையான காற்றும் கிடைக்கிறது. தண்டு பருக்க வேண்டுமானால், கூடையை அப்படியே அதனினும் பெரிய கூடைக்குள் வைத்து, வேர்களைத் துளைவழியே வெளியே ஓடவிடுகின்றனர். மரத்தைப் பட்டினி போட்டுக் குறுக்குவதே போன்சாய் என்ற பரவலான கருத்து இங்கே நிற்காது. இளமையில் அதற்குக் கிடைப்பது தாராளமான காற்றும் நீரும் உரமுமே. குறுக்கம் பின்னர் வருவது.

இவ்வறிவு போன்சாய்க்கு மட்டும் உரியதன்று. பிளாஸ்டிக் வருவதற்கு முன் தென்னிந்திய நாற்றங்கால்களில் மூங்கில் கூடையும் ஓலைப்பெட்டியும் கன்று வளர்க்கப் பயன்பட்டன. அவை காற்றை உள்ளே விட்டன. மண்ணில் வைத்ததும் மட்கின. அவற்றின் இடத்தைப் பிடித்த பாலித்தீன் பை மலிவானது, எடுத்துச்செல்ல எளிதானது; ஆனால் அதற்குள் வேர் சுருண்டது. சுருண்ட வேரோடு நடப்பட்ட மரம் பிற்காலத்தில் காற்றுக்குச் சாய்வதும் நலிவதும் உண்டு. 1990களில் இந்திய வனத்துறை நாற்றங்கால்களில் பரவிய 'ரூட் டிரெய்னர்' குழல், உட்புறம் நெடுக்குவரம்பும் திறந்த அடியும் கொண்டது. வேரைக் கீழ்நோக்கிச் செலுத்தி, அடியில் காற்றால் உலரவிடும் இக்கருவி, பழைய கூடையின் பண்பில் ஒரு பகுதியை வேறு வடிவில் மீட்டது.

மைசூருக்கு இதில் தனிப் பொருத்தம் உண்டு. தீபகற்ப இந்தியாவுக்கு உரிய ஊசியிலை இனமரம் ஒன்றே: மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வளரும் நாகேயா வல்லிச்சியானா. அதற்கும் ஊசி இலை இல்லை, அகன்ற இலையே. ஆகவே இப்பகுதித் தோட்டங்களில் காணும் அரோக்கேரியா, ஜூனிப்பர் போன்றவை அனைத்தும் வந்தேறிகள். கடல்மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கு மேல் அமைந்த மைசூரில் பைன் எதிர்பார்க்கும் கடுங்குளிர் இல்லை; ஜூனிப்பர் ஓரளவு இணங்கி வளர்கிறது. பருவமழையில் தேங்கும் நீர் இவற்றின் வேரை அழுகச் செய்யும். செங்கல் சில்லும் பருமணலும் நிரப்பிய ஓட்டைக் கூடை அந்நீரை உடனே வடித்துவிடுகிறது. அதே கூடை ஏப்ரல் வெயிலில் விரைவில் காய்ந்துவிடுவதால் காலையும் மாலையும் நீர் வேண்டும். வெளியிலிருந்து வந்த உத்தி இவ்வாறு உள்ளூர்ப் பருவத்திற்கேற்பத் திருத்தம் பெறுகிறது.

போன்சாய்க்குத் தமிழில் 'குறுமரம்' என்ற சொல் வழங்குகிறது. அது மரத்தின் அளவைக் கூறுகிறது. தட்டையும் கூறவில்லை, கூடையையும் கூறவில்லை. ஆனால் நெல் வேளாண்மை தமிழுக்கு வேறொரு சொல்லைத் தந்திருக்கிறது: நாற்றங்கால். விளையும் வயல் வேறு, நாற்று வளரும் இடம் வேறு என்ற பகுப்பு அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. நாற்றங்காலில் தவறியதை நடவுக்குப் பின் திருத்த இயலாது என்பது உழவர் அறிந்தது. ஓட்டைக் கூடை குறுமரத்தின் நாற்றங்கால். தட்டை மட்டும் வைத்து எழுதப்படும் வரலாறு, அறுவடையை மட்டும் வைத்து வேளாண்மையை எழுதுவதற்கு ஒப்பாகும்.