அம்பாசடர் காரின் முன் மட்கார்டு

மட்கார்டு என்பது காரின் முன்சக்கரத்தை மூடி நிற்கும் தகடு ஆகும். மேற்கு வங்க மாநிலம் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957 முதல் 2014 வரை தயாரித்த அம்பாசடரில் இது போல்ட்டுகளால் பொருத்தப்பட்டது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றிய அதன் உடலமைப்பு பெரிதாக மாறவில்லை. எனவே ஒரு வண்டியில் கழற்றிய மட்கார்டை, சிறிது தட்டிச் சரிசெய்து மற்றொன்றில் மாட்ட முடிந்தது.

இராசபாளையத்திலிருந்து அய்யனார் கோவில் செல்லும் மலையடிவாரச் சாலை போன்ற இடங்களில், மழைக்காலத்தில் சக்கரம் வாரியடிக்கும் சேறு முகப்பு விளக்கின் பின்புறம் அடைந்துகொள்ளும். ஈரம் காயாததால் தகடு உட்புறமிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது உள்ளே தகடு பெரும்பாலும் அரித்துப்போயிருக்கும்.

டிங்கரிங் பட்டறையில் துருவேறிய பகுதியை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை வளைத்து, கேஸ் வெல்டிங்கில் ஒட்டுப் போடுவர். பிறகு பிரைமர், பட்டி, பெயின்ட் என வேலை தொடரும். துருவை நீக்காமல் பட்டி பூசினால் அது விரைவில் உதிர்ந்துவிடும். துரு விளிம்பு முழுவதும் பரவியிருந்தால் மட்கார்டை மாற்றுவதே முறை.

2021ஆம் ஆண்டின் மத்திய விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றமின்றி மூல வடிவில் பேணப்படும் கார்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்யலாம். உற்பத்தி நின்றுவிட்ட நிலையில், நல்ல தகடு மிச்சமுள்ள பழைய மட்கார்டைப் பழைய இரும்புக்குப் போடாமல் ஒட்டுப் போட்டுக் காப்பதும் வரலாற்றைக் காக்கும் பணியே.